பினாங்கு வீட்டுக்கு ஒரு சிஎன்சி ரவுட்டர்: தேர்வு, பொருத்தல், முதல் பெயர்ப்பலகை

என் மேசை இழுப்பறையில் ஒரு மெராந்திப் பலகைத் துண்டை வைத்திருக்கிறேன். அதில் ‘ழ’ செதுக்கப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் தெரியும். கண்ணருகே கொண்டுவந்தால் சுழி உருண்டையாக இல்லை என்பது புலப்படும். மேலும் கீழும் இடமும் வலமுமாக நான்கு இடங்களில் அது தட்டையாக நசுங்கியிருக்கிறது. வெட்டத் தொடங்கிய இடமும் முடித்த இடமும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விலகி நிற்கின்றன. என் முதல் சிஎன்சி ரவுட்டர் செதுக்கிய முதல் எழுத்து அது. பிட் என்னும் சுழலும் வெட்டுமுனையைக் கணினி சொல்லும் பாதையில் நகர்த்தும் இயந்திரம்தான் சிஎன்சி ரவுட்டர்.

அந்த இயந்திரத்தை வாங்கும்போது வெட்டும் பரப்பை மட்டுமே பார்த்தேன். 800 மி.மீ.க்கு 800 மி.மீ., விலையும் குறைவு. பிட்டைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அது வளைவது கண்ணுக்கே தெரிந்தது. ஆறு மாதம் போராடிவிட்டு விற்றேன். கால்பங்குப் பரப்பே கொண்ட, ஆனால் எடை கூடிய இன்னொன்றை வாங்கினேன். அன்றிலிருந்து ‘ழ’ உருண்டையாக வருகிறது.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ அடுக்குமாடி வீட்டின் பின்கட்டிலோ, தரைவீட்டின் கார் நிறுத்துமிடத்திலோ ஓர் இயந்திரத்தை வைத்து மரமும் அக்ரிலிக்கும் வெட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: காசைப் பரப்புக்குக் கொடுக்காதீர்கள், விறைப்புக்குக் கொடுங்கள். அதன் பிறகு, பொருத்துவதற்கு இரண்டு வார இறுதிகளை முழுதாக ஒதுக்குங்கள்.

வாங்குவதற்கு முன்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஓராண்டில் உண்மையாகவே செய்யப்போகும் ஐந்து பொருள்களை எழுதுங்கள். என் பட்டியலில் வீட்டுப் பெயர்ப்பலகை, கோல அச்சு, பூசை மாடத்தின் முகப்பு, சமையலறைத் தட்டு, மருமகனின் பள்ளித் திட்டத்துக்கான அக்ரிலிக் பெட்டி ஆகியவை இருந்தன. அவற்றில் எதுவும் 400 மி.மீ. அகலத்தைத் தாண்டவில்லை. நீளம் கூடினால் பலகையை நகர்த்தி நகர்த்தி இரண்டு மூன்று பகுதிகளாகச் செதுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைக்காக ஆண்டு முழுவதும் தளர்ந்த இயந்திரத்தோடு வாழ வேண்டியதில்லை.

அடுத்து இடத்தை அளந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவு வெட்டும் பரப்பைத்தான் குறிக்கும். சட்டம், மோட்டார், கேபிள் எல்லாம் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேசையே முன்னும் பின்னும் நகரும் வகையானால் அது போய்வரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் இப்போதே யோசித்துவிடுங்கள். ரவுட்டரின் கிறீச்சொலி ஒருபுறம் இருக்க, மேசை வழியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வுதான் கீழ்வீட்டாரை எழுப்புகிறது. நடைபாதைக்குப் போடும் கான்கிரீட் பலகை ஒன்றைத் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, அதன் மேல் இயந்திரத்தை வைத்திருக்கிறேன். அதிர்வு பெருமளவு அடங்கிவிட்டது. ஆனாலும் மாலை ஏழு மணிக்குப் பிறகு நான் ஓட்டுவதில்லை.

இயந்திரங்களை ஒப்பிடும் முறை

சந்தையில் நூறு பெயர்கள் இருந்தாலும் உடலமைப்பைப் பார்த்தால் நான்கு குடும்பங்கள்தான்.

3018 என்று விற்கப்படுவது மிகச் சிறியது. பெயரே அளவு: 300 மி.மீ.க்கு 180 மி.மீ. உருண்டைக் கம்பிகளில் ஓடும், மேசை நகரும், 775 வகைச் சிறு மோட்டார் பிட்டைச் சுழற்றும். மின்சுற்றுப் பலகை வெட்டவும், மென்மரத்தில் எழுத்துப் பொறிக்கவும், இயந்திரத்துக்குக் கட்டளையிடும் மொழியான ஜி-கோட் என்னவென்று கற்றுக்கொள்ளவும் இது போதும். கெட்டியான மரத்தை ஆழமாக வெட்ட இதனால் ஆகாது. கற்பதற்கு என்று தெளிவாகத் தெரிந்து வாங்கினால் நல்ல முதலீடு.

இரண்டாவது, 400 மி.மீ.க்கு 400 மி.மீ. பரப்புடைய, அலுமினியச் சட்டத்தின் வி-வடிவப் பள்ளத்தில் பிளாஸ்டிக் சக்கரங்கள் ஓடும் வகை. திருகுதண்டு கொண்டதும் உண்டு, பல்பட்டை கொண்டதும் உண்டு. இந்த அளவில் திருகுதண்டையே எடுங்கள். பட்டை வேகமாக ஓடும். ஆனால் இழுவிசையில் நீளும், இழுப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011இல் வெளிவந்த ஷேப்பியோகோ என்னும் இயந்திரம் பட்டையைக் கொண்டே வீட்டுப் பட்டறைகளுக்குள் சிஎன்சியைக் கொண்டுவந்தது என்பதை மறக்கவில்லை. இன்று அதே விலையில் திருகுதண்டு கிடைக்கும்போது அதை விடுவானேன்?

மூன்றாவது 3040, 6040 என்ற பெயர்களில் சீனாவிலிருந்து வருவது. கெட்டியான அலுமினியத் தகடுகள், தடித்த உருண்டைத் தண்டுகள், மணிகள் உருளும் திருகான பால் ஸ்க்ரூ, தண்ணீரால் குளிரும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) என்று உடல் நன்றாகவே இருக்கும். மின்கட்டுப்பாட்டுப் பெட்டிதான் கவலை. பழைய கணினிகளில் இருந்த பேரலல் போர்ட் இணைப்பையும் இயந்திரத்தை ஓட்டும் மாக்3 மென்பொருளின் உரிமமற்ற நகலையும் சேர்த்து அனுப்புவார்கள். அந்தப் போர்ட் உள்ள கணினி இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது? இதை வாங்குவதானால் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான்காவது, சதுரத் தண்டவாளமும் பால் ஸ்க்ரூவும் கொண்டது. ஹெச்ஜிஆர்15 தண்டவாளம், எஸ்எஃப்யு1204 அல்லது 1605 திருகு என்று விவரப் பட்டியலில் இருக்கும். 1605 என்றால் 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. வசதி இருந்தால் இந்தக் குடும்பத்தின் சிறிய அளவையே வாங்குங்கள். இரண்டாவது குடும்பத்தின் பெரிய அளவும் நான்காவது குடும்பத்தின் சிறிய அளவும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வரும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் தவறான பக்கம் திரும்புகிறார்கள்.

காரணம் எளிய பொறியியல். இரு முனையும் தாங்கப்பட்ட ஒரு பாலத்தின் நடுவில் ஏற்படும் வளைவு, நீளத்தின் முப்படியைப் பொறுத்தது. நீளம் இரு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். குறுக்குவெட்டின் உயரத்துக்கும் அதே முப்படி விதிதான், எதிர்த்திசையில்: உயரத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். ஆகவே ஒப்பிடும்போது பாலத்தின் நீளத்தையும் குறுக்குவெட்டையும் சேர்த்தே பாருங்கள். விறைப்பில் அலுமினியம் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அலுமினியப் பாலம் தடியாக இருந்தாக வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது மொத்த எடை. எடையை மறைப்பவர் மெலிந்த தகட்டை மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன். பிறகு பாலத்தின் குறுக்குவெட்டு, திருகின் வகை, மோட்டாரின் அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். நீமா 17 என்னும் மோட்டார் அளவு சிறு இயந்திரத்துக்குப் போதும், 600 மி.மீ. பாலத்துக்கு நீமா 23 வேண்டும். எல்லைச் சுவிட்சுகள் உண்டா, அவசர நிறுத்தப் பொத்தான் ஸ்பிண்டிலின் மின்சாரத்தையும் துண்டிக்குமா என்பதையும் விடாதீர்கள். சில இயந்திரங்களில் அந்தப் பொத்தான் அச்சுகளின் நகர்வை மட்டும் நிறுத்தும், பிட் சுழன்றுகொண்டே இருக்கும். அது ஆபத்து.

நேரில் பார்க்க முடிந்தால் ஸ்பிண்டிலின் மூக்கைப் பிடித்து நான்கு திசையிலும் அசைத்துப் பாருங்கள். கையில் உணரும் ஆட்டம் மரத்தில் இரட்டிப்பாகத் தெரியும்.

எங்கே வாங்குவது

ஷாப்பி, லசாடா, தாவ்பாவ் ஆகிய இணையக் கடைகள் மூன்றுமே வழிதான். 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் விலையுள்ள முழு இயந்திரமானால், இறக்குமதி வரிகள் விலையில் அடங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாவ்பாவிலிருந்து கடல் வழியே அனுப்பினால் கட்டணம் குறையும், காலம் கூடும். பெட்டி எவ்வளவு நசுங்கி வந்தாலும் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை வளைந்த திருகு வந்தது. படம் இருந்ததால்தான் மாற்றித் தந்தார்கள்.

சில்லறைப் பொருள்களுக்கு ஊரையே நம்பலாம். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் சுவிட்ச், கவசக் கேபிள், மின்வழங்கி எல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பினாங்கில் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய டயல் கேஜ் (முள் காட்டும் நுண்ணளவைக் கருவி), மூலைமட்டம், ஆலன் சாவிகள் எனக்குக் கிடைத்திருக்கின்றன. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தால் இந்தத் தீவில் இயந்திரம் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. நம் குடும்பங்களில் ஒருவராவது அங்கே வேலை செய்திருப்பார். அவரைத் தேநீருக்கு அழைத்து, இயந்திரத்தின் படத்தைக் காட்டுங்கள். விளம்பரத்தில் இல்லாததை அவர் கண் பார்க்கும்.

பொருத்துதல்: சட்டம்

பெட்டியைத் திறந்ததும் போல்ட்களைப் பிரித்து, அளவுவாரியாகச் சிறு கிண்ணங்களில் போடுங்கள். தரையில் உட்கார்ந்து பொருத்தாதீர்கள். தட்டையான பரப்பு வேண்டும். தடித்த கண்ணாடி மேசையோ, கிரானைட் சமையல் மேடையோ மிகச் சிறந்தது. கோணலான மேசையில் கட்டிய சட்டம் அந்தக் கோணலைப் பிறவிக்குணமாக வாங்கிக்கொள்ளும்.

அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளையும் முதலில் விரலால் திருகுமளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மூலைமட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்துபாருங்கள். மூலைமட்டத்தைவிட மூலைவிட்டம் நேர்மையான சாட்சி. 400 மி.மீ.க்கு 300 மி.மீ. சட்டமானால் இரண்டு மூலைவிட்டங்களும் 500 மி.மீ. வர வேண்டும். 300 மி.மீ. பக்கம் ஒரே ஒரு மி.மீ. சாய்ந்திருந்தால் ஒரு மூலைவிட்டம் 500.8 ஆகவும் மற்றது 499.2 ஆகவும் வரும், வேறுபாடு 1.6 மி.மீ. சாய்வைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் இந்த அளவையின் பலன். வேறுபாடு மறையும்வரை தட்டிச் சரிசெய்து, எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் நகர்ந்துவிடும்.

வி-சக்கர வகையில் ஒருபக்கச் சக்கரங்களுக்கு மையம் விலகிய நட் இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் தண்டவாளத்தை நெருங்கும் அல்லது விலகும். சக்கரத்தை விரலால் தள்ளினால் வழுக்கிச் சுழல வேண்டும், ஆனால் தடையும் தெரிய வேண்டும். தாராளமாகச் சுழன்றால் தளர்வு. சுழலவே மறுத்தால் சில வாரங்களில் பிளாஸ்டிக்கில் தட்டை விழும். இந்த உணர்வு கைக்கு வர அரைமணி ஆகும். அவசரப்பட வேண்டாம்.

பாலத்தின் இரு பக்கமும் தனித்தனி மோட்டார் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். மின்சாரம் இல்லாதபோது இரு பக்கமும் தனியாக நகரும், பாலம் கோணிக்கொள்ளும். முன்பக்கச் சட்டத்தில் ஒரே நீளமுள்ள இரண்டு மரக்கட்டைகளை வைத்து, மின்சாரம் கொடுக்கும் முன் பாலத்தின் இரு பக்கத்தையும் அவற்றில் முட்டவைத்துவிடுங்கள். இது தினசரிப் பழக்கமாக வேண்டும்.

திருகுதண்டு, மோட்டார்

திருகுதண்டைப் பூட்டுமுன் கண்ணாடியின் மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் மினுக்கி மினுக்கித் தெரிந்தால் தண்டு வளைந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். மோட்டாரையும் திருகுதண்டையும் சேர்க்கும் இணைப்பியின் சிறு திருகுகளில் ஒன்றாவது மோட்டார் தண்டின் தட்டைப் பகுதியில் அமர வேண்டும். என் ‘ழ’வின் சுழி நசுங்கியதற்கு நட்டின் தளர்வும் பாலத்தின் வளைவும் பாதிக் காரணம் என்றால், மறுபாதி உருண்டைப் பகுதியில் வழுக்கிய இந்தச் சிறு திருகுதான்.

திசை மாறும்போது திருகு சுழன்றும் அச்சு நகராமல் நிற்கும் சிறு தூரத்தைப் பேக்லாஷ் என்கிறோம். வட்டத்தின் நான்கு உச்சிகளிலும் ஏதாவது ஓர் அச்சு திசை மாறுவதால் தட்டை அங்கேதான் விழுகிறது. டயல் கேஜை அச்சில் முட்டவைத்து 1 மி.மீ. முன்னே நகர்த்திப் பூச்சியத்தில் வையுங்கள். மேலும் 1 மி.மீ. முன்னே, பிறகு 1 மி.மீ. பின்னே. முள் பூச்சியத்துக்கு எவ்வளவு குறைவாகத் திரும்புகிறதோ அதுவே தளர்வு. சுருள்வில் வைத்த இரட்டை நட் இருந்தால் அதைச் சரிப்படுத்திப் பெரும்பகுதியைப் போக்கலாம். மரவேலைக்கு 0.1 மி.மீ.க்குள் வந்தால் நிம்மதி.

மின்சாரம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட்டுக்கான ரவுட்டரும் இணையத்தில் கலந்து விற்கப்படுகிறது, பட்டியலை இருமுறை படியுங்கள். மாக்கித்தாவின் ஆர்டி0700சி போன்ற கை ரவுட்டரை ஸ்பிண்டிலாகப் பயன்படுத்துவதானால் உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள். 710 வாட், நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று. வீட்டு வேலைக்கு இதற்கு மேல் அரிதாகவே தேவைப்படும்.

தண்ணீர் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தை ஆளும் அதிர்வெண் மாற்றியும் வைப்பவர்கள் இரண்டைச் செய்யாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. முதலாவது, ஸ்பிண்டிலின் உலோக உடல் நிலத்தொடர்பில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் சோதிப்பது. செருகியில் நிலத்தொடர்புக்கான நான்காவது ஊசி இருந்தும் உள்ளே உடலோடு இணைக்கப்படாத ஸ்பிண்டில்கள் வருகின்றன. இரண்டாவது, மாற்றியின் அதிகபட்ச அதிர்வெண்ணை ஸ்பிண்டிலின் தகட்டில் பொறித்திருப்பதற்கு இணையாக வைப்பது. 24,000 சுற்று என்றால் வழக்கமாக 400 ஹெர்ட்ஸ். மாற்றியை அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் மின்சாரம் சில நிமிடங்கள் தங்கும். கம்பியைத் தொடும் முன் காத்திருங்கள். வீட்டு மின்பெட்டியின் கசிவுக் காப்பு சுவிட்ச் விழுந்தால், அதைத் தாண்டிக் கம்பி இழுக்கும் யோசனை வேண்டாம். பதிவுபெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

நடுவழியில் கணினித் தொடர்பு அறுந்துபோவதுதான் புதியவர்களை அதிகம் வாட்டும் கோளாறு. பெரும்பாலும் ரவுட்டரின் மின்னிரைச்சல் யுஎஸ்பி கேபிளில் ஏறுவதால் வருவது. குட்டையான கவசக் கேபிள் போட்டு, ஸ்பிண்டில் கம்பியையும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் தனித்தனி வழியில் கொண்டுபோய், தூசி உறிஞ்சியை வேறு செருகுதுளையில் மாட்டினால் தீர்ந்துவிடும்.

கட்டுப்பாட்டு எண்கள்

சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவை ஜிஆர்பிஎல் என்னும் திறந்தமூல நிரலில் ஓடுகின்றன. 2009இல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கியது அது. அதன் அமைப்பு எண்களில் $100, $101, $102 ஆகிய மூன்றும் ஒவ்வோர் அச்சும் ஒரு மி.மீ. நகர எத்தனை அடி வைக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன.

இதை ஊகிக்க வேண்டாம், கணக்கிடுங்கள். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி. கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால் 3,200ஐ 4ஆல் வகுக்க 800. அதுவே எண். 1605 பால் ஸ்க்ரூவும் 8 பிரிப்பும் ஆனால் 1,600ஐ 5ஆல் வகுக்க 320. திருகு இருக்கும் இயந்திரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டி, அளந்து, இந்த எண்ணைத் திருத்துகிறவர்கள் பிட்டின் தடிமனையும் தளர்வையும் எண்ணுக்குள் புதைக்கிறார்கள். பிறகு எந்த அளவும் சரியாக வராது.

$22ஐ 1 ஆக்கினால் இயந்திரம் தன் தொடக்க மூலையைத் தானே தேடிப்போகும். முதல்முறை ஓடவிடும்போது ஒரு கை அவசரப் பொத்தானின் மேல் இருக்கட்டும். திசை தலைகீழாக இருந்தால் பாலம் எதிர்ச் சுவரில் போய் மோதும்.

இயந்திரத்தை நேராக்குதல்

இங்கேதான் இரண்டாவது வார இறுதி போகும், போக வேண்டும்.

முதலில் அடிப்பலகை. மரநாரை அழுத்திச் செய்யும் 12 அல்லது 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையை மேசையில் திருகிப் பொருத்துங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் எம்டிஎஃப் ஊதிக்கொள்ளும், குறிப்பாக வெட்டிய விளிம்புகள். விளிம்புகளிலும் அடிப்பக்கத்திலும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்துக் காயவைத்த பிறகு பொருத்துங்கள். மேல்பக்கத்துக்குப் பூச வேண்டாம், அதைப் பிட்டே சீவப்போகிறது.

சீவுவதற்கு முன் ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த கம்பியை வளைத்து, பிட்டைப் பிடிக்கும் கவ்வியான கோலெட்டில் மாட்டி, அதன் முனை மையத்திலிருந்து 75 மி.மீ. தள்ளிப் பலகையைத் தொடுமளவுக்கு இறக்குங்கள். மின்சாரம் துண்டித்த நிலையில் கையால் மெல்லச் சுழற்றினால் முனை 150 மி.மீ. வட்டம் போடும். முன், பின், இடம், வலம் நான்கு இடங்களிலும் ஒரு சாதாரணத் தாளை முனைக்கு அடியில் செருகி இழுத்துப் பாருங்கள். தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் தெரிந்தால் ஸ்பிண்டில் நேர். இல்லையென்றால் ஸ்பிண்டில் தட்டின் பின்னால் குளிர்பானக் குவளையின் மெல்லிய அலுமினியத்தைக் கத்தரித்துச் செருகிச் சரிசெய்யலாம், அதுவும் 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கும். பலகையே சமமில்லையெனில் அதன் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அளவெடுங்கள்.

பிறகு அகலப் பிட்டால் அடிப்பலகை முழுவதையும் 0.3 மி.மீ. சீவுங்கள். சீவிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். வரிவரியாகத் தட்டுப்பட்டால் இன்னும் சாய்வு இருக்கிறது.

கடைசியாகச் செங்கோணம். நான்கு மூலைகளிலும் சிறு துளைகள் போடவைத்து, துளைக்குத் துளை மூலைவிட்டங்களை அளந்துபாருங்கள். சட்டத்தை அளந்தது போதாதா என்று கேட்கலாம். சட்டம் சதுரமாக இருந்தும் பாலம் சாய்ந்து ஓடலாம். இந்தத் துளைகள் சொல்வதே இறுதித் தீர்ப்பு.

பிட்டும் வேகமும்

தொடக்கத்துக்கு நான்கு பிட் போதும்: 3.175 மி.மீ. இரட்டைப் பல் பிட், அக்ரிலிக்குக்கு ஒற்றைப் பல் பிட், 60 பாகை வி-பிட், சீவுவதற்கு அகலப் பிட். 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. கோலெட்டில் மாட்டாதீர்கள், இறுகியதுபோல் தோன்றி, வெட்டும்போது நழுவும். கோலெட்டை முதலில் நட்டுக்குள் ‘டக்’கென்று அமர்த்திவிட்டுப் பிறகுதான் ஸ்பிண்டிலில் பூட்ட வேண்டும்.

நகரும் வேகத்துக்கு ஒரே பெருக்கல்: சுற்று எண்ணிக்கை, பல் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் சீவலின் தடிமன். 10,000 சுற்று, 2 பல், 0.04 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 800 மி.மீ. ஒருமுறைக்கு வெட்டும் ஆழத்தைப் பிட்டின் விட்டத்தில் பாதியிலிருந்து தொடங்கி, இயந்திரம் முனகினால் குறையுங்கள். வெளியே வருவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரத்தில் சீவல் வந்தால் சரி. மாவாகப் பொடி வந்தால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது. சற்று நேரத்தில் புகையும். வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது சுற்றைக் குறையுங்கள். எம்டிஎஃப் மட்டும் விதிவிலக்கு, அது எப்போதும் பொடிதான்.

அக்ரிலிக் வாங்கும்போது வார்த்து எடுத்த தாளைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தி இழுத்த வகை உருகிப் பிட்டில் ஒட்டும்.

மரத்தூளை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, தூசி உறிஞ்சியை ஓடவிட்ட பிறகே பிட் சுழல வேண்டும். கையுறை வேண்டாம், சுழலும் பிட் அதைப் பிடித்து இழுத்துவிடும்.

தமிழ் எழுத்தைச் செதுக்குதல்

‘பொன்னி இல்லம்’ என்று ஒரு பெயர்ப்பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் தடை மென்பொருளில் வரும். பல சிஎன்சி வரைவு மென்பொருள்கள் தமிழின் இணைப்பு விதிகளை அறியாதவை. ‘பொ’ என்று தட்டினால் கொம்பு பகரத்துக்கு முன்னால் போகாமல் பின்னாலேயே நின்றுவிடும். அப்படியே செதுக்கி வாசலில் மாட்டிய பலகைகளை நான் பார்த்திருக்கிறேன், மனம் வேதனைப்படும். ஆகவே இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் யூனிகோட் எழுத்துருவில் தட்டி, சரியாக இருக்கிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்து, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். அதன்பின் எந்த மென்பொருளில் திறந்தாலும் அது வெறும் வரைவடிவம்தான், குலையாது.

எழுத்துருவில் தடிமன் சீராக உள்ளதையே தேர்ந்தெடுங்கள். 60 பாகை வி-பிட் வெட்டும் பள்ளத்தின் அகலம் ஆழத்தைப்போல் ஏறக்குறைய 1.155 மடங்கு. எழுத்தின் கோடு 6 மி.மீ. அகலமானால் பிட் 5.2 மி.மீ. இறங்கும். 10 மி.மீ. பலகையில் அது பாதிக்கு மேல். 90 பாகைப் பிட்டானால் 3 மி.மீ. போதும், ஆனால் பள்ளத்தின் நிழல் மங்கலாக இருக்கும். வாசலில் மாட்டும் பலகைக்கு நிழல் வேண்டும், எனவே 18 மி.மீ. பலகையும் 60 பாகையும் என் தேர்வு.

என் அயலில் கையுளியால் பெயர்ப்பலகை செதுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இயந்திரத்தைப் பார்க்க வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: “தம்பி, இது புள்ளியை ஒழுங்காக வைக்குமா?” எவ்வளவு கூர்மையான கேள்வி என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறிய வட்டம். இயந்திரத்தின் தளர்வு முழுவதும் அங்கே வெளிப்படும், மரத்தின் நார் அங்கே பிய்யும். அதனால் புள்ளியை மட்டும் தனி வேலையாகப் பிரித்து, வட்டமாகச் சுற்றாமல் வி-பிட்டை நேராகக் கீழே இறக்கி எடுக்கிறேன். பிட் தானே வட்டமானது, துளையும் வட்டமாக அமையும். ‘ன்’, ‘ல்’, ‘ம்’ மூன்றுக்கும் ஒரே ஆழம்.

மரத்துக்கு நியாத்தோ அல்லது நன்கு உலர்ந்த மெராந்தி. செங்கால் மரம் வாசலில் நூறாண்டு நிற்கும். ஆனால் சிறு இயந்திரத்துக்கு மிகக் கெட்டி, ஒருமுறைக்கு வெட்டும் ஆழத்தைப் பாதியாக்க வேண்டும். ரப்பர் மரம் நன்றாக வெட்டுப்படும். மழை படும் இடத்தில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

பலகையை நான்கு மூலையிலும் இறுக்கிப் பிடித்து, பிடிகள் பிட்டின் பாதையில் இல்லை என்பதை உறுதிசெய்ய, பிட்டை 10 மி.மீ. மேலே தூக்கி வைத்து முழு வேலையையும் காற்றிலேயே ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு தாள் செருகும் முறையில் மேற்பரப்பைப் பூச்சியமாக்கித் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் இயந்திரத்தை விட்டு நகரக்கூடாது, முழு வேலையும் முடியும்வரை வீட்டை விட்டுப் போகக்கூடாது.

செதுக்கி முடித்ததும் மணல்தாள் போட வேண்டாம். முதலில் பலகை முழுவதும் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு; அது காய்ந்த பிறகு பள்ளங்களில் வண்ணம். வார்னிஷ் இல்லாமல் வண்ணம் கொடுத்தால் மர நார் வழியே அது ஊறி, எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். வண்ணம் ஒரு நாள் முழுதும் காயட்டும். அடுத்த நாள் 180, பிறகு 240 எண் மணல்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி மேற்பரப்பைத் தேய்த்தால், வழிந்த வண்ணம் போய் எழுத்து மட்டும் கூர்மையாக நிற்கும்.

அந்த மாலையே திருகுதண்டுகளைத் துடைத்து, ஒரு துணியில் தொட்ட எண்ணெயைத் தடவி, இயந்திரத்தின் மேல் போர்வையைப் போட்டுவிடுங்கள். கடற்காற்று ஒரே வாரத்தில் தண்டில் செம்புள்ளி வைக்கும்.